பின்வாசலில் நேர்ந்துகொண்டது

ஓடிப்போனாளாம்! யார் சொன்னது? சந்து முனையில் தேநீர் விற்கிற சுவான் சொன்னாளா? சுவானின் வாய்க்குக் கதவும் கிடையாது, தாழ்ப்பாளும் கிடையாது. ஓடிப்போகிற பெண் பட்டப்பகலில், முன்வாசல் வழியாக, சந்தே பார்க்கத் தலைவாரிக்கொண்டா போவாள்? லியூவைப் பற்றி இந்த ஒரு வருஷத்தில் பேசின பேச்சையெல்லாம் கூடையில் அள்ளிக் கொட்டினால் மேற்கு ஏரி தூர்ந்துபோகும். வெளியே ஆள் வைத்திருக்கிறாள் என்றார்கள். பிறகு பித்துப் பிடித்துவிட்டது என்றார்கள். கடைசியில், புருஷனே கத்தியைத் தீட்டி மொட்டையடித்துச் சன்னியாசத்துக்கு அனுப்பப்போகிறான் என்று முடித்தார்கள். இதில் கத்தி ஒன்றுதான் உண்மை. அந்தக் கத்தி என்ன செய்தது என்பது பேசினவர் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொண்டு பேசுங்கள்.

லியூவின் புருஷன் கியெம் முடிவெட்டுகிறவர். வீட்டு வாசலை ஒட்டின சுவரில் ஆணியடித்துக் கண்ணாடி மாட்டி, அடியில் ஒரு சாய்வு நாற்காலி. அதுதான் கடை. ஹனோயில் குளிர் இறங்கினாலும் தூறல் விழுந்தாலும் மேலே ஒரு தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டு வேலை பார்ப்பார். போன வருஷம் டெட் என்கிற புத்தாண்டுப் பண்டிகை முடிந்து வீட்டு முன்னால் வைத்த குட்டி ஆரஞ்சுச் செடிகூட இன்னும் வாடவில்லை, ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருக்கும்போதே கியெம் சரிந்து விழுந்தார். விழும்போதும் கத்தி பிடித்த கையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு விழுந்தார். நாற்காலியில் இருந்தவருக்கு ஒரு கீறல் இல்லை. அப்பேர்ப்பட்ட கை.

இதயத்தில் ஏதோ கதவு சரியாக மூடவில்லை, அறுத்துத்தான் சரிசெய்ய வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் நாள் குறித்தார்கள். லியூ வராந்தாவில் உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடியே இருந்தாள். சோறு இறங்கவில்லை. அப்போது சந்துப் பெண்கள் வழக்கம்போலப் பேருந்து பிடித்துப் பத்து விகாரை சுற்றக் கிளம்பினார்கள். ஆண்டின் முதல் மாதத்தில் ஒரே நாளில் பத்து இடம் கும்பிட்டால் வருஷம் முழுவதும் காப்பு. லியூவையும் வரச்சொல்லி இழுத்தவள் வேறு யாருமில்லை, இதே சுவான்தான். நல்லதைச் சொல்லும்போது அதையும் சொல்ல வேண்டுமில்லையா?

"அடியே, நீ செவுத்தப் பாத்து உக்காந்திருந்தா டாக்டர் கையில பலம் வந்துருமா? கட்டிக்குடுத்த உன் மகதான் வந்து பக்கத்துல இருக்காளே. பத்து எடத்துல ஒரு எடத்துலயாச்சும் உன் சத்தம் காதுல விழும். கிளம்பு!"

போனாள். போனாளே தவிர எங்கே போனோம் என்று அவளுக்குத் தெரியாது. ஏறு, இறங்கு, கும்பிடு, மறுபடி ஏறு. தூறல், சேறு, ஊதுபத்திப் புகை, ஒருத்தி தட்டு இன்னொருத்தி முதுகில் இடிக்கிற கூட்டம். எல்லா விகாரையும் அவளுக்கு ஒரே விகாரையாகத்தான் இருந்தது. ஓரிடத்தில் முன்வாசலில் வெல்லத்தை எறும்பு மொய்த்த மாதிரி ஜனம். மூச்சு முட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டே பக்கவாட்டில் நடந்தாள். எங்கோ பம்பளிமாஸ் பூ மணத்தது. வாய் உடைந்த பெரிய சாடி ஒன்றில் கால் இடறியது. அதைத் தாண்டி ஒரு சின்னக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஒருவருமில்லை. அப்படியே மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைத்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றதில் எதிரே தொங்கின சிவப்புப் பட்டின் ஓரம் மட்டும்தான் தெரிந்தது.

"அவரு திரும்பி வந்து அந்த நாற்காலிகிட்ட நின்னு கத்திரியப் பிடிச்சா, என் தலைமுடிய உனக்குக் குடுத்துடறேன். மொட்டையடிச்சுட்டு உன் காலடியிலயே கெடக்கறேன். வேற எதுவும் கேக்க மாட்டேன்."

சொல்லி முடித்தாளோ இல்லையோ, வெளியே ஹார்ன். "லியூ! ஏய் லியூ! வண்டி கிளம்புது, நீ எங்க போய்த் தொலைஞ்ச?" என்று சுவானின் குரல். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஓடினாள்.

கியெம் பிழைத்தார். மழைக்காலத்துக்குள் எழுந்து நடமாடி, ஒரு நாள் காலையில் கண்ணாடியைத் துடைத்து ஆணியில் மாட்டினார். சந்தே வந்து நின்று சிரித்தது. முதல் ஆளுக்கு வெட்டின முடி நடைபாதையில் விழுந்தது. துடைப்பத்தோடு வந்த லியூ அந்த முடியைப் பார்த்தாள். அதுவரை சந்தோஷத்தில் மறந்தே போயிருந்தாள். அவர் கத்திரியைப் பிடித்துவிட்டார். இனி அவள் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

ஒளிக்காமல் சொல்ல வேண்டும். லியூவுக்குச் சன்னியாசினியாகப் போகக் கொஞ்சமும் ஆசையில்லை. மீன் சாறு ஊற்றாமல் அவளுக்குச் சோறு இறங்காது. தொலைக்காட்சி யாருக்கு என்று கியெமோடு சண்டை போடாமல் பொழுது போகாது. குளிர்காலத்தில் தன் ஐஸ் பாதத்தை அவர் காலில் வைத்து அவரை அலற வைத்தால்தான் தூக்கம் வரும். இருக்கிற ஒரு புருஷனைக் காப்பாற்றிக் கொடு என்று கேட்டுவிட்டு, அவர் பிழைத்து வந்ததும் அவரை விட்டுப் போவதாக நேர்ந்துகொண்ட மடத்தனத்தை நினைத்து நினைத்து அடுப்படியில் அழுதாள். போகாமல் இருக்கவும் பயம். நேர்ந்ததைச் செலுத்தாவிட்டால் கொடுத்த கை திரும்ப எடுத்துக்கொள்ளும் என்பது இங்கே பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். கியெம் ஒரு தரம் இருமினால் போதும், அவள் கையில் இருக்கிற பாத்திரம் கீழே விழும்.

சரி, போய் அந்த இடத்திலேயே விழுந்து, மன்னித்துவிடு, வேறெதாவது கேள் என்று கெஞ்சலாம் என்றால், எந்த இடம்? பத்தில் எது? சுவானிடம் கேட்கலாம். ஆனால் சுவானிடம் ஒன்றைக் கேட்பதும் பேட்டை ஒலிபெருக்கியில் அறிவிப்பதும் ஒன்று. அதனால் தானே தேடக் கிளம்பினாள்.

இங்கேதான் உங்கள் வாய்களுக்குத் தீனி கிடைத்தது. எல்லாரும் பிறை முதல் நாளும் பௌர்ணமியும் விகாரைக்குப் போனால், லியூ கண்ட நாளில் போனாள். போனவள் கையில் தட்டில்லை, பூவில்லை. வரும்போது பிரசாதம் இல்லை. விகாரைக்குப் போய்விட்டு ஒரு வாழைப்பழம்கூட அக்கம்பக்கத்துக்குக் கொடுக்காத பெண்ணை யார் நம்புவார்கள்? "பிரசாதம் இல்லாத விகாரை எந்த விகாரைடி? மீசை வெச்ச விகாரையா?" என்று சுவான் கேட்டு, தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் புரையேறச் சிரித்தார்கள். லியூவின் காதில் விழத்தான் சொன்னாள். விழுந்தது. இன்னொருவருக்குப் பட்ட கடனை வைத்துக்கொண்டு வழியில் இருக்கிறவருக்கெல்லாம் விருந்து வைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதனால்தான் வெறுங்கையோடு போய் வெறுங்கையோடு வந்தாள்.

முதலில் பக்கத்தில் இருப்பதையே பார்த்தாள். மேற்கு ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற ட்ரான் குவோக் விகாரையின் சிவந்த கோபுரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். சுற்றிலும் தண்ணீர், உடைந்த சாடி இல்லை. பேருந்து மாறி மாறி ஏறி, குரு என்று பொருள்படும் தாய் விகாரைக்குப் போனாள். குளத்து நடுவில் பொம்மலாட்ட மண்டபம் மிதக்கிற மாதிரி நின்றது. அதைப் பார்த்ததாகவே நினைவில்லை. தே ஃபுவோங் மலைப்படியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். உள்ளே பலா மரத்தில் செதுக்கின துறவிகள் வரிசையாக இருந்தார்கள். விலா எலும்பு எண்ணக்கூடிய ஒருவர் அப்படியே ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த கியெம். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் இறங்கி வந்துவிட்டாள். மியா விகாரை வாசலில் பூஜைச் சாமான் விற்கிறவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"புத்தருக்குப் பூ இருக்கு, அன்னை தெய்வத்துக்குச் சீப்பு, கண்ணாடி, விசிறி, வெத்தலை எல்லாம் இருக்கு. உனக்கு எதும்மா வேணும்?"

"எனக்கு ஒரு உடைஞ்ச சாடி வேணும்" என்றாள் லியூ. விற்கிறவள் கையை விட்டுவிட்டாள்.

ஒவ்வொரு இடத்திலும் நடந்ததை லியூ யாரிடமும் சொன்னதில்லை, பிறகு ஒருநாள்தான் என்னிடம் சொன்னாள். இது இல்லை என்று தெரிகிறபோது முதலில் மனசு குளிரும். இன்றைக்குத் தலையில் முடி மிஞ்சியது என்று. பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் அவர் இருமல் காதில் கேட்கும், குளிர்ந்தது கொதிக்கும். கால் தேடியது, மனசு ஒளிந்தது. அப்படித் தேடினால் எது கிடைக்கும்?

மறுபடி டெட் வந்தது. வருஷக் கடைசி நாளில், மல்லித்தழை போட்டுக் காய்ச்சின நீரில் லியூ குளித்து வந்ததும் அவள் முடியின் நுனியைக் கியெம் வெட்டிவிடுவார். கல்யாணம் ஆனதிலிருந்து நடக்கிற காரியம். அன்றைக்கும் நாற்காலியைத் தட்டினார்.

"உக்காரு. ஊருக்கெல்லாம் வெட்டியாச்சு, வீட்டுக்காரி தலை மட்டும் குதிரை வாலாட்டம் இருக்கு."

"இந்த வருஷம் வேண்டாங்க."

"ஏன், என் கை நடுங்குதுனு பயமா?"

"அதில்ல. அது... அது என் முடி இல்லைங்க."

வாய் தவறி வந்துவிட்டது. கியெம் கத்திரியைக் கீழே வைத்தார். ஒரு வருஷமாக நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் ஜாடையாகவும் நேராகவும் சொன்னதெல்லாம் அவர் காதிலும் விழுந்துதான் இருந்தது. "ஊரு தலையெல்லாம் உங்க கையில, அண்ணே, வீட்டுத் தலை யாரு கையில?" என்று சுவானே கேட்டிருந்தாள். ஒரு வார்த்தை லியூவிடம் கேட்கவில்லை மனுஷர். இப்போது கேட்டார்.

"பின்ன யாரோடது?"

லியூ சொன்னாள். பேருந்து, பம்பளிமாஸ் பூ, சாடி, சிவப்புப் பட்டு எல்லாவற்றையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். கியெம் கத்திரியைப் பெட்டியில் வைத்து மூடினார். பிறகு சிரித்தார்.

"முடிவெட்டறவன் பொண்டாட்டி. முடியப் பேரம் பேசறதுக்கு முன்னாடி முடிவெட்டறவன ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"நீங்க அப்ப மூக்குல குழாயோட கெடந்தீங்க."

"அதுவும் சரிதான்." சிரித்த வாய் அப்படியே கோணிக்கொண்டு போனது. தோளில் கிடந்த வெள்ளைத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சொன்னது சொன்னதுதான், லியூ. என் உயிருக்கு விலை பேசிட்டு ஏமாத்தக் கூடாது. குடுத்துருவோம். ஆனா வேற ஒருத்தன் கை உன் தலையில படக் கூடாது. நானே சிரைச்சுவிடறேன்."

"எங்கன்னே தெரியலையே."

"நீ தேடறது, கிடைச்சுடப் போகுதோனு பயந்துகிட்டுத் தேடறது. அந்த வண்டிய ஓட்டினது யாரு? துவாட்தானே? அவனுக்கு மாசாமாசம் முடி வெட்டறவன் நான்."

பண்டிகை முடிந்து துவாட் வந்து நாற்காலியில் சாய்ந்தான். கியெம் பேச்சோடு பேச்சாகக் கேட்டார். துவாட் கண்ணை மூடிக்கொண்டே சொன்னான்: "அன்னிக்கா? திருவிழாக் கூட்டத்துல ரோடு அடைச்சுகிச்சு அண்ணே. பத்து எடம் ஆகலன்னு பொம்பளைங்க கத்தினாங்க. ஆத்தங்கரை மேட்டுக்குப் பின்னாடி ஒரு சின்ன விகாரை, எங்க அம்மா ஊரு. வழியில மாட்டின மத்த வண்டிங்களோட நானும் அங்க கொண்டுபோய் இறக்கிப் பத்தாக்கிட்டேன். பேரு வாங்கின எடமில்ல, ஆனா புத்தர் புத்தர்தானே?"

பம்பளிமாஸ் பூக்கிற நாளில் இருவரும் மோட்டார் சைக்கிளில் போனார்கள். கியெமின் சட்டைப் பையில், காலையில் வாசலில் எல்லாரும் பார்க்கத் தீட்டின கத்தி இருந்தது. வழி முழுவதும் லியூ அவர் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டு வந்தாள். ஆற்றங்கரை மேட்டிலிருந்து இறங்கும்போதே மணம் வந்தது. சுவரைச் சுற்றிப் போனால் வாய் உடைந்த சாடி. அப்படியே இருந்தது. லியூ நின்றுவிட்டாள். சின்னக் கதவு வழியாகப் போய், அதே இடத்தில் நெற்றியைத் தரையில் வைத்தாள். அதே சிவப்புப் பட்டு.

பின்கட்டில் கடுகுக்கீரைப் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்த வயதான பிக்குணி, மண் கையோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"யாரும்மா அது, தரைக்கு முத்தம் குடுக்கறது? தூக்கு தலைய. என்ன விஷயம்?"

லியூ தலையைத் தூக்காமலே அத்தனையும் சொன்னாள். கேட்டுக்கொண்டே வந்த பிக்குணிக்கு உதடு துடித்தது.

"யாருகிட்ட நேர்ந்துகிட்ட?"

"புத்தர்கிட்டம்மா."

"புத்தரு முன்னால இருக்காரு. நீ பின்னாலயில்ல வந்திருக்க? முன்னே புத்தர், பின்னே அன்னைனு உங்க வீட்டுல சொல்லித் தரலையா? நிமிந்து பாரு, இங்க யாரு உக்காந்திருக்கானு."

லியூ நிமிர்ந்தாள். சிவப்பு, பச்சை, வெள்ளைப் பட்டில் மூன்று அன்னைகள், தலையில் மணி தொங்கும் கிரீடம். முன்னால் வெற்றிலை, விசிறி, கைக்கண்ணாடி, சீப்பு. உத்தரத்தில் பனையோலைத் தொப்பிகள்.

"இந்தம்மாவுக்கு மொட்டை எதுக்குடி?" பிக்குணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "சீப்பு கேப்பா, கண்ணாடி கேப்பா, பாட்டு கேப்பா. உன் முடியச் சிரைச்சுக் கொண்டாந்து கொட்டினா, அடிப்பாவி, வாரிப் பின்னக்கூட எனக்குக் குடுத்து வைக்கலையேனு திட்டுவா!"

லியூவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளும் லேசுப்பட்டவளா? "சொன்ன சொல்லு சொல்லுதானேம்மா? ஒரு சுவரு தள்ளி புத்தர் காதுலயும் விழுந்திருக்குமே" என்று பிடிவாதம் பிடித்தாள்.

"விழுந்திருந்தா இன்னும் நல்லது. வீட்டுல ஒருத்தர அழவிட்டுட்டு வர்றவளச் சேக்காதேனு சட்டம் வெச்சது அவரு. கட்டினவன் சம்மதம் வேணும்."

கதவோரம் நின்ற கியெம், நியாயவான், வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "நான் சம்மதிச்சுட்டேன், தாயே" என்று பையிலிருந்து கத்தியை எடுத்துக் காட்டினார். பிக்குணி கத்தியைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார்.

"இதுவா சம்மதம்? மொதல்ல மூக்கச் சிந்திட்டு வாப்பா."

பிறகு லியூவின் பக்கம் திரும்பி, மண் கையாலேயே அவள் தலையைத் தடவினார். "இந்த அன்னைக்குக் குடுத்த முடி இது. அதனால அழுக்கா வெச்சுக்காத. எண்ணெய் தேய்ச்சு, வாரி, அவ பேரச் சொல்லி முடிஞ்சுக்கோ. நல்ல சீப்பா ஒண்ணு, கண்ணாடி, விசிறி, வெத்தலை கொண்டா. காலடியில கெடக்கறேன்னியே, அதுக்கு வர்ற அன்னை திருவிழாவுக்கு வந்து எங்க சமையக்கட்டுல பானை தேய். ஆள் பத்தல. திருவிழா முடிஞ்சதும் வீட்டுக்குப் போ. அவ்வளவுதான் உன் கடன்."

லியூ அப்போதுதான் அழுதாள். ஒரு வருஷத்து அழுகை. பிக்குணி பூஜைத் தட்டிலிருந்து ஒரு பம்பளிமாஸ் பழத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கீரைக்குத் திரும்பிவிட்டார். பழம் வெட்ட வேறு கத்தி இல்லை. கியெம் அந்தக் கத்தியைத் துணியில் நன்றாகத் துடைத்து, சாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, யாரோ பெரிய மனிதருக்குச் சவரம் செய்வதுபோலத் தோலைச் சுற்றிச் சுற்றிச் சீவினார். கத்தி செய்தது அதுதான். சுளை சுளையாக இருவரும் அங்கேயே தின்று தீர்த்தார்கள். அதனால் அன்றைக்கும் சந்துக்குப் பிரசாதம் வரவில்லை.

திருவிழா நாள் காலை. கியெம் லியூவை வாசல் நாற்காலியில் உட்கார வைத்து வெள்ளைத் துணியைக் கழுத்தில் கட்டினார். சந்து முனைத் தேநீர்க்கடையில் இருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். "ஐயையோ, சிரைக்கப் போறாரு!" என்று சுவான் கெட்டிலை நடுத்தெருவிலேயே வைத்துவிட்டு வந்தாள். கியெம் பெட்டியைத் திறந்தார். எடுத்தது சீப்பு. பின்னலைப் பிரித்து, எண்ணெய் தடவி, உச்சியிலிருந்து நுனிவரை வாரினார். இடையில் கடையில் வாங்கி வைத்திருந்த புது எருமைக்கொம்புச் சீப்பின்மேல் அவர் கை போனது. லியூ பட்டென்று தட்டிவிட்டாள்.

"அதத் தொடாதீங்க. அது அவளோடது. நம்ம பழசே நமக்குப் போதும்."

வாரி முடித்து, அழகாகக் கொண்டை போட்டுவிட்டு, கண்ணாடியைக் கொஞ்சம் சாய்த்துக் காட்டினார். லியூ பார்த்தாள். எழுந்து உள்ளே போனாள். பானை தேய்க்கிற நாட்களுக்கு மாற்றுத் துணி கட்டின மூட்டை ஒரு கையில், சிவப்புத் தாளில் சுற்றின சீப்பும் கண்ணாடியும் விசிறியும் வெற்றிலையும் வைத்த தட்டு மறு கையில். முன்வாசலில் வந்து நின்றாள்.

"எங்கடி கிளம்பிட்ட, மூட்டையும் முடிச்சுமா?" சுவானுக்குப் பொறுக்கவில்லை.

"கடன் குடுக்க, அக்கா. திரும்பி வரும்போது தட்டு நெறையப் பிரசாதம் வரும். உன் பெரிய தட்டாப் பாத்துக் கழுவி வை."

கியெம் வண்டியை முறுக்கினார். லியூ முந்தின வருஷம் விகாரையிலிருந்து வண்டிக்கு ஓடின மாதிரி ஓடவில்லை. தலையை நிமிர்த்திக்கொண்டு, நிதானமாக, வாசலைத் தாண்டி இறங்கினாள்.